கூட்டத்தை எண்ணுகிறார்கள், விலையை எண்ணுவதில்லை

2025 ஜூலை 9 அன்று, ஆந்திர முன்னாள் முதலமைச்சர் ஒய்.எஸ். ஜெகன்மோகன் ரெட்டி சித்தூர் மாவட்டத்தின் பங்காருபாளையம் மாம்பழச் சந்தைக்கு வந்தார். நம் பக்கத்தில் கிளிமூக்கு என்று வழங்கும் தோத்தாபுரி மாங்காயின் விலை தரைமட்டமாகி, விவசாயிகள் கலங்கி நின்ற நேரம் அது. ஹெலிகாப்டர் இறங்குதளத்தில் 30 பேர், சந்தைக்குள் 500 பேர் என்று காவல்துறை வரம்பு கட்டியிருந்தது. வழியெங்கும் தடுப்புகள் போடப்பட்டிருந்தன. அவற்றையும் மீறி ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். டிராக்டர்களில் வந்த மாங்காய்கள் சாலையில் கொட்டப்பட்டன. அவற்றின் மேல் வாகனங்கள் ஏறிச் சென்றன.

மறுநாள் தெலுங்கு ஏடுகளை விரித்தவர்களுக்கு இரண்டு பங்காருபாளையங்கள் கிடைத்தன. ஒன்றில், அடக்குமுறையைத் தகர்த்துத் தலைவனைக் காணப் பெருகிவந்த மக்கள் வெள்ளமும், சாலையில் கொட்டப்பட்ட விவசாயியின் கண்ணீரும் இருந்தன. மற்றொன்றில், வாடகைக்குப் பிடித்துவரப்பட்ட கூட்டமும், முன்கூட்டியே ஏற்பாடு செய்து கொட்டப்பட்ட மாங்காயும், சட்டம் ஒழுங்கைக் குலைத்த ரவுடிகளும் இருந்தனர். மாங்காய்க் குவியல் என்னவோ ஒன்றுதான். வந்தவர்கள் பக்தர்களா, கூலிகளா என்பதே இரு தரப்பும் நாட்கணக்கில் நடத்திய வழக்கு. அவர்களில் எத்தனை பேருக்கு மாந்தோப்பு இருந்தது, எத்தனை பேர் குத்தகைக்கு எடுத்திருந்தனர், ஆலை வாசலில் எத்தனை இரவு காத்துக் கிடந்தனர், கிலோவுக்கு என்ன விலை பெற்றனர் என்ற கேள்விகள் இந்த ஆரவாரத்தில் மூழ்கிப்போயின.

பிளவுபடுத்தும் அரசியல்வாதி ஒருவரின் விசுவாசத் தொண்டர்களை ஊடகங்கள் எவ்வாறு சித்தரிக்கின்றன என்பது ஏதோ இதழியல் மாணவர்களுக்கான பாடப்பொருள் அன்று. ஒரு மாவட்டத்து உழைக்கும் மக்களின் வாழ்க்கை பொதுவெளியில் பேசப்படுமா, புதைக்கப்படுமா என்பதே அதில் அடங்கியுள்ளது.

மறைந்துபோன விலை

சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தோத்தாபுரியில் பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குச் செல்வது. வீட்டில் அறுத்துத் தின்பதற்காக விளைவிக்கப்படுவதன்று. ஆகவே விலையைத் தீர்மானிப்பவர் ஆலை முதலாளியே. பழுத்துவிட்ட காயை விவசாயி ஒரு வாரம்கூட வைத்திருக்க இயலாது என்பதை ஆலை நன்கறியும். 2025 பருவத்தில், முந்தைய ஆண்டின் கூழ் விற்காமல் தேங்கிக் கிடக்கிறது என்று காரணம் காட்டி ஆலைகள் கொள்முதலைச் சுருக்கின. ஆலை வாசல்களில் டிராக்டர்கள் மைல்கணக்கில் வரிசைகட்டி நின்றன. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், அரசு 4 ரூபாய் மானியம் வழங்கும், ஆக 12 ரூபாய் கிடைக்கும் என்று சந்திரபாபு நாயுடு அரசு அறிவித்தது. ஆலைகள் தரவேண்டிய 8 ரூபாய் பெரும்பாலும் அறிவிப்பாகவே நின்றது. 8 ரூபாய் தர மறுத்த ஆலைகளைக் கட்டுப்படுத்தும் வலிமை அரசாணைக்கு இருக்கவில்லை. வலிமை இருந்த இடத்தில் விருப்பம் இருக்கவில்லை.

பிற மாநிலத் தோத்தாபுரி சித்தூருக்குள் நுழையக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் ஜூன் 7 அன்று தடை போட்டது. தம் மாநில எல்லையோர விவசாயிகள் இதனால் பாதிக்கப்படுவதாகக் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கோலார் விவசாயியும் சித்தூர் விவசாயியும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். இருவரிடமும் மலிவாக வாங்கிய ஆலை நடுவில் நிம்மதியாக இருந்தது. ஒன்றிய அரசின் சந்தைத் தலையீட்டுத் திட்டம் முதலில் கர்நாடகத்துக்கும் பின்னர் ஆந்திரத்துக்கும் அறிவிக்கப்பட்டபோது, காய்களில் பெரும்பகுதி அடிமாட்டு விலைக்குப் போய்விட்டிருந்தது.

பங்காருபாளையத்தில் திரண்டவர்களிடம் கேட்டிருந்தால் இவையனைத்தும் வெளிவந்திருக்கும். ஜெகன்மோகன் ரெட்டியின் ஐந்தாண்டு ஆட்சியில் ஆலைகளை நெறிப்படுத்த ஏன் ஒரு சட்டம் வரவில்லை என்ற கேள்வியும் உடன் வந்திருக்கும். அதனால்தான் ஒரு தரப்பு ஊடகம் அதைக் கேட்கவில்லை. இன்றைய ஆட்சியின் 12 ரூபாய் எங்கே என்ற கேள்வியும் வந்திருக்கும். அதனால் மறுதரப்பும் கேட்கவில்லை. தொண்டரைத் தொண்டராக மட்டுமே காட்டுவது இரு தரப்புக்கும் வசதியானது. அவரை விவசாயியாகக் காட்டினால் இருவரும் பதில் சொல்ல நேரும்.

மஞ்சளும் நீலமும்

ஆந்திரத்தில் ஊடகங்களை மக்கள் நிறத்தால் அழைக்கிறார்கள். தெலுங்கு தேசத்துக்கு ஆதரவானவை மஞ்சள் ஊடகம், ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு ஆதரவானவை நீல ஊடகம். இது வெறும் வசைச்சொல் அல்ல, உடைமை உறவின் பெயர். 1974இல் ராமோஜி ராவ் தொடங்கிய ‘ஈநாடு’, 1982இல் என்.டி. ராமாராவ் தெலுங்கு தேசத்தைத் தொடங்கியபோது அக்கட்சியைத் தூக்கிச் சுமந்தது. கட்சி ஒன்பதே மாதங்களில் ஆட்சியைப் பிடித்தது. அதற்கு ஈடாகத் தமக்கும் ஓர் ஏடு வேண்டும் என்ற கணக்கில் 2008 மார்ச்சில் ‘சாட்சி’ பிறந்தது. நிறுவியவர் அன்றைய முதலமைச்சர் ராஜசேகர ரெட்டியின் மகன் ஜெகன்மோகன் ரெட்டி. பொறுப்பில் இருப்பவர் அவருடைய துணைவியார்.

அரசுக் கருவூலமும் இந்தப் போட்டியில் ஒதுங்கி நிற்கவில்லை. 2022 ஜூனில், பரவலாகப் படிக்கப்படும் ஒரு நாளிதழை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு கிராம, வார்டு தன்னார்வலருக்கும் மாதம் 200 ரூபாய் வழங்க ஜெகன் அரசு ஆணையிட்டது. தன்னார்வலர்கள் 2.66 லட்சம் பேர். மாதச் செலவு 5.32 கோடி ரூபாய். இது ‘சாட்சி’யின் விற்பனையைப் பெருக்கவே என்று ‘ஈநாடு’ நிறுவனம் நீதிமன்றம் சென்றது. ஆட்சி மாறியபின் கண்ட காட்சி வேறு. டிவி5 தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவர் பி.ஆர். நாயுடு 2024 நவம்பரில் திருமலை திருப்பதி தேவஸ்தான அறங்காவலர் குழுத் தலைவராகப் பொறுப்பேற்றார். ஊடக முதலாளியே திருப்பதியின் மிகப்பெரிய நிறுவனத்தின் தலைவராகும்போது, அங்கே துப்புரவும் பராமரிப்பும் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பணிநிரந்தரக் கோரிக்கை எந்தத் திரையில், யார் வாயால், எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்பதை வாசகர்கள் எண்ணிப்பார்க்கலாம்.

கட்சி ஏடு நடத்துவதில் குற்றமில்லை. இது கட்சி ஏடு என்று முகப்பிலேயே சொல்லி நடத்துவது நேர்மை. பொதுமக்களின் குரல் என்று பெயர்பலகை மாட்டிக்கொண்டு உள்ளே குடும்பத்தின், குழுவின் குரலை விற்பதே குற்றம்.

பேருந்தில் வந்தவர்கள் யார்?

2021 ஏப்ரல் 17 அன்று திருப்பதி நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. வாக்குப்பதிவு நாளில், வெளியூர்களிலிருந்து பேருந்துகளில் வந்தவர்களின் காட்சிகள் ஒரு தரப்புத் தொலைக்காட்சிகளில் இடையறாது ஓடின. கள்ள வாக்குப் போட இறக்கப்பட்டவர்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. மலைக்கு வந்த யாத்திரிகர்களை அவமதிக்கிறார்கள் என்று அமைச்சர் பெத்திரெட்டி ராமச்சந்திர ரெட்டி மறுத்தார். ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வேட்பாளர் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அன்றாடம் பல்லாயிரம் யாத்திரிகர்கள் வந்திறங்கும் ஊர் திருப்பதி. அங்கே பேருந்தில் வந்த ஒருவர் யாத்திரிகரா, கள்ள வாக்காளரா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஆவணங்களைப் பார்த்தும், வாக்குச்சாவடிப் பதிவேட்டைப் பார்த்தும், ஏற்பாடு செய்தவரின் பெயரைத் தேடியுமே சொல்ல இயலும். கள்ள வாக்குப் போடச் செய்வது கடுங்குற்றம். அது நடந்திருந்தால் அம்பலப்படுத்துவது ஊடகத்தின் கடமை. ஆனால் திரையில் ஓடியவை பெரும்பாலும் முகங்களே. ஏற்பாடு செய்தவர்கள் திரைக்கு வெளியே நின்றனர். ஏழைகளின் முகத்தைக் காட்டுவது எளிது. பணம் கொடுத்தவரின் கணக்கைக் காட்டுவதற்கு உழைப்பும் துணிவும் வேண்டும்.

கூட்டத்துக்குப் பணம் கொடுத்து ஆள் சேர்ப்பது பொய்யா என்று சிலர் கேட்கலாம். பொய்யன்று. வண்டியும் உணவும் கைச்செலவுக் காசும் இன்று எல்லா முதலாளித்துவக் கட்சிகளின் பொதுக்கூட்ட வரவுசெலவிலும் இருக்கின்றன. ஆனால் அதைச் சொல்லும் முறையில் வர்க்கப் பார்வை வெளிப்படுகிறது. ‘காசுக்கு வந்த கூட்டம்’ என்ற சொற்றொடரில் வாங்கியவர் இகழப்படுகிறார், கொடுத்தவரோ சாமர்த்தியசாலி ஆகிறார். ஒரு நாள் கூலிக்காக யாருடைய கூட்டத்திலும் சென்று நிற்கவேண்டிய நிலையில் ஒரு மனிதர் ஏன் இருக்கிறார் என்ற கேள்வி எழுவதேயில்லை. குப்பத்திலிருந்து நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரு சென்று கூலிவேலை பார்த்துத் திரும்பும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். 1989 முதல் சந்திரபாபு நாயுடுவைத் தொடர்ந்து தேர்ந்தெடுத்துவரும் தொகுதி அது. அந்தத் தொழிலாளியின் விசுவாசத்தைப் பற்றி ஒரு தரப்பு பெருமைப்படுகிறது, மறுதரப்பு கேலி செய்கிறது. அவர் ஏன் உள்ளூரில் வேலை கிடைக்காமல் ரயிலேறுகிறார் என்பதை இரண்டும் எழுதுவதில்லை.

சாவிலும் கணக்கு

தொண்டர்களை மனிதர்களாகக் காணாத பழக்கம் அவர்களது மரணத்திலும் தொடர்கிறது. 2009 செப்டம்பர் 2 அன்று ராஜசேகர ரெட்டி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபின், அதிர்ச்சியால் இறந்தோர், தற்கொலை செய்துகொண்டோர் என நூற்றுக்கணக்கானோரின் பட்டியல் வெளியானது. அக்குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்ல ஜெகன்மோகன் ரெட்டி மேற்கொண்ட ‘ஓதார்ப்பு யாத்திரை’யே அவருடைய தனிக்கட்சிக்கு வழியமைத்தது. அந்தப் பட்டியலை அன்று கேலி செய்த முகாம், 2023 செப்டம்பர் 9 அன்று சந்திரபாபு நாயுடு கைதானதும் தானும் ஒரு பட்டியலை எண்ணத் தொடங்கியது. கைதுச் செய்தி கேட்டு இறந்தோரின் குடும்பங்களைச் சந்திக்க அவருடைய துணைவியார் புவனேஸ்வரி 2023 அக்டோபரில் ‘உண்மை வெல்லவேண்டும்’ என்ற பொருள்படும் பெயரில் பயணம் தொடங்கியது திருப்பதி மாவட்டம் சந்திரகிரியிலிருந்துதான். இம்முறை கேலி செய்யும் வேலையை மறுதரப்பு ஏற்றுக்கொண்டது. தமிழகத்திலும் 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தபோது இதே கணக்கெடுப்பு நடந்ததை நாம் அறிவோம்.

தலைவருக்காக உயிரிழந்தவர் என்று ஒருவரைப் பட்டியலில் சேர்த்த கணமே, அவருடைய மற்ற காரணங்கள் அனைத்தும் அழிந்துபோகின்றன. இதயநோய்க்கு மருந்து வாங்க வழியின்றி இருந்தாரா, கடன் நெருக்கியதா, தோப்பு காய்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ராயலசீமை பல்லாண்டுகளாக விவசாயிகள் தற்கொலை செய்துகொள்ளும் மண். அங்கே ஒரு மரணத்தை விசுவாசத்தின் சான்றாக மாற்றுவது, அந்த மரணத்துக்குக் காரணமானவர்களை விடுதலை செய்வதற்கு ஒப்பாகும். பட்டியலைப் பெருமையாக வெளியிடும் ஏடும், மூடர்கள் என்று நகைக்கும் ஏடும் இந்த விடுதலையில் கூட்டாளிகளே.

நெரிசலில் இறந்தவரே குற்றவாளியா?

2022 டிசம்பர் 28 அன்று நெல்லூர் மாவட்டம் கந்துகூரில் சந்திரபாபு நாயுடுவின் கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 8 பேர் இறந்தனர். நான்கே நாட்களில், 2023 புத்தாண்டு நாளன்று, குண்டூரில் மேலும் 3 பேர் இறந்தனர். உடனே ஜெகன் அரசு சாலைகளில் கூட்டம் நடத்தத் தடைவிதிக்கும் அரசாணை எண் 1ஐப் பிறப்பித்தது. அதைக் காட்டியே குப்பத்தில் நாயுடு தடுக்கப்பட்டார், தொண்டர்கள் மீது தடியடி நடந்தது. அந்த அரசாணையைப் பின்னர் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அன்று குப்பத்தில் ஜனநாயகம் செத்தது என்று எழுதிய ஏடுகள், இரண்டரை ஆண்டுகள் கழித்துப் பங்காருபாளையத்தில் 500 பேர் வரம்பு வந்தபோது பொதுப் பாதுகாப்பைப் பற்றி எழுதின. அன்று பாதுகாப்பைப் பற்றி எழுதியவை இன்று ஜனநாயகத்தைப் பற்றி எழுதின. தலைப்புகள் இடம் மாறிக்கொண்டன. தடியடி வாங்கிய முதுகுகள் மட்டும் இரு முறையும் ஏழைகளுடையவையாகவே இருந்தன.

2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசன டோக்கன் வரிசையில் 6 பேர் நெரிசலில் இறந்தனர். சேலத்திலிருந்து சென்ற பெண் ஒருவரும் அவர்களில் அடக்கம். 2025 ஜூன் 18 அன்று குண்டூர் அருகே ஜெகன்மோகன் ரெட்டியின் வாகன அணிவகுப்பில் சிக்கி ஒரு தொண்டர் உயிரிழந்தார். வழக்கு நீதிமன்றத்தின் முன் உள்ளது. ஆனால் அந்த மனிதர் யார், அவர் குடும்பம் எதை நம்பி வாழ்ந்தது என்பதைவிட, காணொளி உண்மையா பொய்யா என்ற சண்டையே திரைகளை நிரப்பியது.

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் விஜய்யின் கூட்டத்தில் 41 பேர் இறந்தபோது இந்த நோய் நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டதைக் கண்டோம். அக்கட்சித் தொண்டர்களைக் குறிக்கப் பரவலாகப் புழங்கும் ‘தற்குறி’ என்ற சொல்லைத் தமிழறிந்தோர் ஒரு கணம் உற்று நோக்கவேண்டும். கையெழுத்திடத் தெரியாமல் தன் அடையாளமாக ஒரு குறியை மட்டும் இட்டவனுக்கு வழங்கிய பெயர் அது. பள்ளிக்கூடக் கதவு யாருக்கு மூடப்பட்டிருந்ததோ அவர்கள்தான் இந்நாட்டில் தற்குறிகளாக இருந்தார்கள். கல்வி மறுக்கப்பட்ட கொடுமையின் பெயரையே வசவாக்கி, நம் பிள்ளைகளின் வயதுள்ள இளைஞர்கள் மீது வீசுவது எந்த முற்போக்கு அரசியலுக்கும் உகந்ததன்று. குடிநீரும் வெளியேறும் வழியும் இல்லாத இடத்தில் மணிக்கணக்கில் மக்களைக் காக்கவைத்த ஏற்பாட்டாளர்களையும், அனுமதித்து மேற்பார்வையிட்ட நிர்வாகத்தையும் கேட்கவேண்டிய கேள்விகளை அந்தச் சொல் எளிதில் விழுங்கிவிடுகிறது.

வன்முறைக்கு விலக்கில்லை

தொண்டர்களை இழிவுபடுத்தக் கூடாது என்று சொல்வதால் அவர்கள் செய்வதெல்லாம் சரியென்று ஆகிவிடாது. 2024 பிப்ரவரி 18 அன்று அனந்தபுரம் மாவட்டம் ராப்தாடுவில் ஜெகனின் பொதுக்கூட்டத்தில் ‘ஆந்திரஜோதி’யின் புகைப்படக்காரர் தாக்கப்பட்டார். பங்காருபாளையத்திலும் ‘ஈநாடு’ புகைப்படக்காரர் தாக்கப்பட்டார். 2023 ஆகஸ்ட் 4 அன்று புங்கனூரில் தெலுங்கு தேசத் தொண்டர்கள் காவல்துறையோடு மோதிய கலவரத்தில் வாகனங்கள் எரிந்தன, ஒரு காவலர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். இவை கண்டிக்கப்படவேண்டிய குற்றங்கள், சட்டப்படி தண்டிக்கப்படவேண்டியவை.

ஆனால் அந்தக் கல்லை ஏந்திய கைக்கு முன்னால் ஒரு நாக்கு பேசியிருக்கிறது. எதிர்க்கட்சித் தலைவரையும் மூன்று ஊடகங்களையும் சேர்த்துத் ‘துஷ்ட சதுஷ்டயம்’, அதாவது தீய நால்வர் கூட்டம் என்று மேடைதோறும் முழங்கினார் முதலமைச்சராக இருந்தவர். கூட்டத்தை நோக்கி இவ்வாறு சொல்லிவிட்டு, கேமராவோடு நின்ற ஊழியர் தாக்கப்பட்டதும் ‘உணர்ச்சிவசப்பட்ட தொண்டர்கள்’ என்று கைகழுவுவது கோழைத்தனம். அவருடைய அரசு 2019 அக்டோபரில் ஊடகங்கள் மீது வழக்குத் தொடர அதிகாரிகளுக்கு அதிகாரமளித்து அரசாணை 2430ஐக் கொண்டுவந்தது. 2021 மே மாதத்தில் டிவி5, ஏபிஎன் மீது தேசத்துரோக வழக்குத் தொடுத்தது. இன்றைய அரசும் அதே வழியில்தான் நடக்கிறது. 2025 ஜூனில் ‘சாட்சி’ தொலைக்காட்சி விவாதத்தில் பங்கேற்ற ஒருவர் அமராவதிப் பகுதிப் பெண்களை மிகக் கேவலமாகப் பேசினார். அது மன்னிக்கத்தக்கதன்று. ஆனால் அதைத் தான் சொல்லாத நெறியாளரான மூத்த பத்திரிகையாளரும் கைது செய்யப்பட்டார். அவருக்குப் பிணை தர உச்ச நீதிமன்றம் தலையிடவேண்டியிருந்தது.

இங்கே இன்னொரு தொழிலாளியையும் நினைவுகூரவேண்டும். மாவட்டத் தனிப்பதிப்பு முறையைத் தெலுங்கில் வளர்த்த ஏடுகள், மண்டலந்தோறும் கான்ட்ரிபியூட்டர் எனப்படும் பகுதிநேரச் செய்தியாளர்களை அமர்த்தின. அவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சான வரிகளை அளந்து சொற்பத்தொகை தரப்படும், விளம்பரமும் பிடித்துத் தரவேண்டும். ஆலை முதலாளியிடமும் உள்ளூர்த் தலைவரிடமும் விளம்பரம் கேட்டு நிற்கும் அவர், அதே ஆலையின் எடைத் தராசைப் பற்றி எவ்வாறு எழுதுவார்? பங்காருபாளையத்தின் உண்மை அச்சேறாமல் போவதற்கு அவருடைய நேர்மைக்குறைவு காரணமன்று. அவரைப் பிணைத்திருக்கும் உற்பத்தி உறவே காரணம். தாக்கப்படுபவரும் அவரே, சுரண்டப்படுபவரும் அவரே.

இகழ்ச்சி அரசியல் ஆகாது

அமெரிக்காவில் 2016 தேர்தலின்போது டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப்பேரை இழிந்தவர்களின் கூடை என்று ஹிலாரி கிளிண்டன் குறிப்பிட்டார். அந்தச் சொல்லையே டிரம்ப்பின் ஆதரவாளர்கள் சட்டையில் அச்சடித்துப் பெருமையோடு அணிந்தனர். தோல்விக்குப் பின் பெருநகர ஏடுகள் சிற்றூர்ச் சிற்றுண்டிச்சாலைகளுக்குச் செய்தியாளர்களை அனுப்பி, அவர்கள் ஏன் இப்படி நினைக்கிறார்கள் என்று விலங்குக்காட்சியில் பார்ப்பதுபோல் கேட்டு எழுதின. முதலில் இகழ்ச்சி, பிறகு வியப்பு. மூடப்பட்ட ஆலைகளும் கலைக்கப்பட்ட தொழிற்சங்கங்களும் இரண்டிலும் ஓரத்திலேயே நின்றன. வெள்ளை இனவெறியை வளர்த்துப் பயன்பெற்றவர்களும் தப்பித்துக்கொண்டனர்.

பிரான்சின் சிறு விவசாயிகள் லூயி போனபார்ட்டை ஏன் ஆதரித்தார்கள் என்ற கேள்வியை 1852இல் எதிர்கொண்ட மார்க்ஸ், அதற்கான விடையை அவர்களுடைய நிலத்துண்டிலும், அடமானக் கடனிலும், வரிச்சுமையிலும், ஒருவரோடொருவர் இணையமுடியாத வாழ்க்கைச் சூழலிலும் தேடினார். விசுவாசத்துக்கு ஒரு பொருளாதார வேர் உண்டு என்ற அந்தப் பார்வையே இன்றும் நமக்கு வழிகாட்டி.

2024 சட்டமன்றத் தேர்தலில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு 175இல் 11 இடங்களே கிடைத்தன. முந்தைய தேர்தலில் பழைய சித்தூர் மாவட்டத்தின் 14 தொகுதிகளில் 13ஐ வென்றிருந்த கட்சி, இரண்டாகச் சுருங்கியது. எனினும் மாநிலத்தில் சுமார் 39 சதவீத வாக்காளர்கள் அக்கட்சிக்கே வாக்களித்தனர், திருப்பதி நாடாளுமன்றத் தொகுதியும் அதனிடமே நின்றது. பத்தில் நான்கு பேரை மூடர் என்றோ கூலி என்றோ எழுதித் தீர்த்துவிட முடியுமா? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்ற அம்மா வொடி திட்டமும், வீட்டு வாசலில் வந்த ஓய்வூதியமும் ஏழைப் பெண்களுக்கு அரசின் முகமாகத் தெரிந்தன. உரிமையாகக் கிடைக்கவேண்டியதை ஒரு தலைவரின் கொடையாகக் காட்டி விசுவாசமாக மாற்றியது அந்த ஆட்சியின் தந்திரம். பெற்றவர்களை இலவசத்துக்கு அலைபவர்கள் என்று இகழ்ந்தது எதிர்முகாம் ஊடகங்களின் ஆணவம். இன்று ஓய்வூதியத்தை 4,000 ரூபாயாக உயர்த்தி அதே கொடை நாடகத்தை மஞ்சள் திரைச்சீலையோடு அரங்கேற்றுகிறார்கள். இம்முறை அந்த ஊடகங்களுக்கு அது மக்கள்நலமாகத் தெரிகிறது.

இந்த இரு பாதைகளும் இடதுசாரி இயக்கத்துக்கு உரியவையல்ல. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம், சித்தூர் பகுதிகளில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசி வாழும் உழைப்பாளிகளில் பெரும்பாலோர் இன்று மஞ்சள் கொடியின் கீழோ நீலக் கொடியின் கீழோ நிற்கிறார்கள். அவர்களிடம் ‘நீ ஏமாந்தாய்’ என்று தொடங்கும் பேச்சு அந்த வாக்கியத்தோடு முடிந்துவிடும். ‘உன் காய்க்கு என்ன விலை கிடைத்தது’ என்று தொடங்கும் பேச்சு ஆலை வாசல்வரை சேர்ந்து நடக்கும். ஆலைகள் அறிவித்த விலையைத் தராவிட்டால் தண்டிக்கும் சட்டம், பருவம் தொடங்கும் முன்பே குறைந்தபட்ச விலை அறிவிப்பு, கூட்டுறவுத் துறையில் கூழ் ஆலைகள், குத்தகை விவசாயிக்கும் மானியம், மூன்று மாநிலத் தோத்தாபுரி விவசாயிகளின் கூட்டு மேடை ஆகிய கோரிக்கைகளுக்குக் கட்சிக் கொடியின் நிறம் தடையாகாது. கிருஷ்ணகிரி விவசாயியின் சிக்கலும் இதுவே என்பதால், தமிழகத் தோழர்களுக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு.

கூட்டத்தை எண்ணும் ஊடகங்கள் எண்ணிக்கொண்டே இருக்கட்டும். விலையை எண்ணுகிற, எடைத் தராசைப் பார்க்கிற, தொண்டரின் தோளில் இருக்கும் துண்டின் நிறத்துக்கு அப்பால் அவர் கையிலிருக்கும் காய்ப்பைக் காண்கிற ஏடுகள் வேண்டும். அத்தகைய ஏடுகளை மக்கள் வளர்க்கவேண்டும். அடுத்த பருவத்தில் ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசைகட்டும் முன்பே விவசாயிகள் ஒரே வரிசையில் அணிதிரளவேண்டும்.